ஐந்தாவது வரிசையில் ஒரு கோடு

முப்பத்தொன்று. சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஊதா மையில், அவசரக் கையெழுத்தில். சற்று முன்னால் கூப்பிட்டது இருபத்திரண்டு. இன்னும் எட்டுப் பேர் உள்ளே போய்த் தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வந்தால் நான் போய் என்னுடையதைக் காட்டலாம். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. டிரஷரிக்கு நேர்காணலுக்கு வருவது இது இரண்டாவது முறை. போன வருஷம் அந்த மிஷின் என் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. முப்பத்துநான்கு வருஷம் அணையில் ஷட்டர் சுற்றிய கை, அதில் ரேகை எங்கே இருக்கும். துடைச்சுட்டு வைங்க, துடைச்சுட்டு வைங்க என்று அந்த கிளார்க் பெண் நாலு தடவை சொன்னாள். துடைத்தால் தேய்ந்தது திரும்பி வருமா. எனக்குப் பின்னால் நின்றவன் சிரித்தான். மின்வாரியத்துக்காரன், கழுத்தில் மப்ளர், இன்னும் முகம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு எல்லா முகமும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் என் வியாதி என்று என் பெண்டாட்டி சொல்வாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுகிறது. விடியற்காலையிலிருந்து ஒரே சீராக விழுகிறது. வலுத்துப் பெய்தால் பயமில்லை, அது ஓயும். இந்தச் சீரான மழைதான் மலைக்குள் இறங்கி ஊறி மத்தியானத்துக்கு மேல் வேலையைக் காட்டும். எனக்கென்ன. நான் ஓய்வு பெற்றவன். எனக்கு மழை என்றால் செருப்பு நனையும், அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாளுக்கு இருபத்தொன்பது. ஜெபராணி என்று பேர், நர்ஸாக இருந்தவர். ஒரு மணி நேரத்தில் என் ஊர், வேலை, சர்க்கரை எவ்வளவு என்று எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். ஊசி போட்டுப் பழகிய கை, வலிக்காமல் எடுக்கிறார். இப்போது போனைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். "அண்ணே, நீங்க செம்பாறை அணையிலதான இருந்தீங்க? நாப்பத்திரண்டு அடியத் தாண்டிருச்சாம். பதினோரு மணிக்குத் தண்ணி தெறக்கப் போறாங்களாம். எங்க வீட்டுக்காரரு அனுப்பியிருக்காரு. அவருகிட்ட குளிச்சீங்களான்னு கேட்டா பதில் வராது. அணையில எத்தன அடின்னு கேட்டுப் பாருங்க, வாய் நெறைய வரும்." நான் சிரித்தேன். சிரித்தேனா என்று தெரியவில்லை, உதடு அசைந்தது. "வரத்து எப்படின்னு போட்ருக்கா?" என்று கேட்டேன். "வரத்து கூடிட்டே இருக்குன்னு போட்ருக்குண்ணே." எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்து இருபது காட்டுகிறது. மட்டம் நாற்பத்திரண்டுக்கு மேல். வரத்து கூடுகிறது. மேலே மழை. அப்படியென்றால் அணையில் மாட்டியிருக்கிற தாளில் ஐந்தாவது வரிசை. வேண்டாம் என்று நினைக்கும் முன்பே மனசு அங்கே போய் நின்றுவிட்டது. ஐந்தாவது வரிசை, மேலிருந்து கீழே. ஆம், ஆம், ஒரு கோடு, ஆம். அடியில் மூன்று ஷட்டர், ஒரே நேரத்தில், சங்கு ஊதிவிட்டு.

காலையில் பஸ் அணைக்குக் கீழே தரைப்பாலத்தில் ஏறும்போது நான் இடப்பக்கம் பார்த்திருக்கக் கூடாது. பழக்கம். ஆற்றைக் கடக்கும்போது இடப்பக்கம் நரியோடை வந்து சேருகிற வாயைப் பார்க்காமல் எனக்குப் போகத் தெரியாது. சிவப்பாக வந்துகொண்டிருந்தது. செம்மண் தண்ணீர், நுரையும் சருகுமாக. ஓடை சிவப்பாக வந்தால் மேலே நரிமலைச் சரிவில் உடைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், இன்னும் ஆறு மணி நேரத்துக்கு அது குறையாது. அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற திட்டுக்குக் கீழே, அறுத்த வயலை ஒட்டி, வாத்துக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். ஆறேழு கூடாரம், நீலத் தார்ப்பாய். வருஷாவருஷம் அறுப்பு முடிந்ததும் வடக்கேயிருந்து வருகிறவர்கள், வயலில் சிந்திய நெல்லுக்கு வாத்துகளை விட்டு மேய்ப்பார்கள். மூங்கில் தட்டிக்குள் ஆயிரம் வாத்து அடைந்து கிடந்தது. ஒரு பெண் தார்ப்பாய்க்குள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், புகை வெளியே வராமல் அவள் முகத்திலேயே சுற்றியது. இடுப்பில் ஒரு பிள்ளை. நான் பார்த்தேன். கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், அணை நிறையும் என்று அப்போது யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். முப்பத்தொன்பதில் நேற்று ராத்திரி நின்றது, இந்த மழைக்கு மூன்று அடி ஏறாதா. இல்லை, நான் கணக்குப் போடவில்லை. போட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தே போட்டேன், போட்டுவிட்டு ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

"இருபத்தி மூணு!" என்று உள்ளேயிருந்து குரல். ஒருவர் ஊன்றுகோலோடு எழுந்து போகிறார்.

அந்தத் தாளை நான் பார்த்துப் பார்த்துப் பாடமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆனால் கட்டம் புரியாதவன் இல்லை. பொற்கொடி மேடம் உதவிப் பொறியாளராக வந்த புதிதில் அணைமேட்டு அறையில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நாற்காலியில். முப்பது வருஷத்தில் ஒரு அதிகாரி எனக்கு நாற்காலி போட்டது அன்றைக்குத்தான். பெரிய தாள், ஸ்கேல், பென்சில். "ஐயா, நீங்க அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிருவீங்க. உங்க தலைக்குள்ள இருக்குறத இந்தத் தாள்ல எறக்கணும். எப்ப எத்தன ஷட்டர்னு நாளைக்கு யாரு வந்தாலும் பாத்துத் தெறக்கணும்." மேலே நாலு கேள்வி எழுதினாள். மட்டம் நாற்பத்திரண்டுக்கு மேலா. வரத்து கூடுகிறதா. நரியோடையில் வெள்ளமா. மேலே மழை பெய்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. நாலு கேள்விக்கு மேலிருந்து கீழாகப் பதினாறு வரிசை வரும் என்றாள். எண்ணிப் பார்த்தேன், வந்தது. அடியில் என்ன செய்ய வேண்டும் என்பது, ஒன்று, இரண்டு, மூன்று ஷட்டர், சங்கு. அப்புறம் சுருக்கினாள். ஒரு கேள்விக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்றால், அந்த இடத்தில் ஒரு கோடு. கோடு என்றால் அதைப் பார்க்கத் தேவையில்லை. ரெண்டு வரிசை ஒரு வரிசையாகிவிடும். பதினாறு ஏழாகச் சுருங்கியது. கெட்டிக்காரி. நான் அதை அப்போதே ஒத்துக்கொண்டேன், மனசுக்குள். என் தலைக்குள் முப்பது வருஷமாக இருந்ததும் அந்தப் பதினாறுதான், ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்போது நரியோடைக் கேள்வி வந்தது. நரியோடை வந்தால் சுந்தரவதனம் வருவார். என்னால் ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க முடியாது. சுந்தரவதனம் அப்போது செயற்பொறியாளர், அது நடந்து இன்றைக்கு இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதே மாதிரி மழை. மட்டம் நாற்பத்திரண்டு, வரத்து கூடுகிறது, ஓடை சிவப்பு. போனில் உத்தரவு: மூணையும் தெறடா. நான் ஒன்றைத்தான் திறந்தேன். ஏனென்றால் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் ஆறு சுவர் மாதிரி எழுந்து போய் ஓடை வாயை அடைக்கும். ஓடைத் தண்ணீர் போக இடமில்லாமல் பின்னால் திரும்பித் திட்டைச் சுற்றிக்கொள்ளும். சங்குச் சத்தம் கேட்டால் ஜனம் என்ன செய்யும், ஆற்றுப் பக்கம் தண்ணீர் வருகிறது என்று திட்டில் ஏறும். ஏறியவர்களுக்குப் பின்பக்கம் வழி இருக்காது. பிறகு திட்டும் இருக்காது. ஒன்றைத் திறந்து முக்கால் மணி நேரம் பொறுத்தால் ஓடை மெதுவாக ஏறும், ஜனம் கணுக்கால் நனைந்து ரோட்டுக்குப் போய்விடும், அப்புறம் மற்ற இரண்டு. அணைக்கு நாற்பத்தைந்து வரை இடம் இருக்கிறது, முக்கால் மணியில் ஒன்றும் ஆகாது. அப்படித்தான் செய்தேன். ஒரு உயிர் போகவில்லை, கரையில் ஒரு கல் அசையவில்லை. உத்தரவை மீறினான் என்று பதினோரு மாதம் சஸ்பெண்ட். விசாரணையில் சுந்தரவதனம் கேட்டார், "மூணு தெறந்திருந்தா ஆள் செத்திருப்பாங்கன்னு நீ எப்படிய்யா நிரூபிப்ப?" எப்படி நிரூபிப்பேன். யாரும் சாகவில்லையே. ஒன்றும் நடக்காததுதான் நான் செய்த குற்றம். அந்தப் பதினோரு மாதமும் என் மச்சினன் வீட்டு விசேஷத்தில்கூட என்னைப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். வேலை போனவன் வந்திருக்கான், இலை போடு. குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இதைத்தான் அன்றைக்கு மேடத்திடம் சொல்ல ஆரம்பித்தேன். முதல் தடவையாக ஒரு அதிகாரி, கையில் பென்சிலோடு, கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். "அன்னைக்கு என்னாச்சுன்னா மேடம், சுந்தரவதனம் சார் போன் போட்டு..." என்று தொடங்கினேன். அவள் கையைத் தூக்கினாள். "ஐயா, கதை வேண்டாம். ஆமா, இல்லை, அவ்வளவு மட்டும் சொல்லுங்க. மட்டம் நாப்பத்திரண்டுக்கு மேல, வரத்தும் கூடுது, மேல மழையும் பெய்யுது. அப்ப நரியோடையில தண்ணி வந்தாலும் வராட்டாலும் மூணு ஷட்டர்தானே?" கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு நேரமில்லை, மாலைக்குள் தாள் முடிய வேண்டும். எனக்கு மட்டும் காதில் சுந்தரவதனம் குரல் கேட்டது. கதை வேண்டாமாம். என் பதினோரு மாதம் கதையாம். நாக்கில் வந்துவிட்டது, இல்லை மேடம், ஓடையைப் பார்க்கணும். வந்தது, நின்றது, உள்ளே போனது. "எப்படி இருந்தாலும் ஒண்ணுதான் மேடம்" என்றேன். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். ஒரு விரற்கடை நீளம். நன்றாயிருக்கட்டும், ஒரு நாள் இவர்களே பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவள் சுந்தரவதனத்துக்கு மகளும் இல்லை, உறவும் இல்லை. நான் சஸ்பெண்ட் ஆனபோது அவள் கைக்குழந்தை. தெரிந்துதான் செய்தேன்.

"இருபத்தி ஆறு!" எப்போது இருபத்தைந்து போனது. பத்து முப்பத்தெட்டு. "என்னண்ணே, வேர்க்குது? சாப்பிட்டீங்களா? சர்க்கரை எறங்குதா?" என்கிறார் ஜெபராணி. கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துத் தருகிறார். வாயில் போட்டுக்கொள்கிறேன். இனிப்பாகத்தான் இருக்கிறது.

யோசித்துப் பார், யாருக்குத் தெரியும். தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அடியில் தயாரித்தது என்று அவள் பேர், ஒப்புதல் என்று இன்னொரு பேர். என் பேர் எங்கே என்று தேடினேன், இல்லை. அதற்கும் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன். இன்றைக்கு அந்த இல்லாத பேர்தான் எனக்குப் பாதுகாப்பு. பதினோரு மணிக்கு மூன்று ஷட்டர் ஏறும். பன்னிரண்டுக்குள் திட்டு போகும். டிவிக்காரன் வருவான், கலெக்டர் வருவார். தாளைப் பார்ப்பார்கள், தாளில் உள்ளபடிதான் செய்திருக்கிறார்கள், எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள். இயற்கை என்பார்கள். நானும் தப்பித்துக்கொள்வேன். அப்போது நான் சொல்லலாம், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதைத்தானய்யா நான் சொன்னேன் என்று. நிரூபணம். சுந்தரவதனம் இருந்து பார்க்க வேண்டும், நாலு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார். யாரிடம் போய்ச் சொல்வேன். அந்த ஏழு கூடாரத்தை வைத்து யாருக்கு நிரூபிப்பேன். அந்தப் பெண் அடுப்பை ஊதிவிட்டுச் சங்கு கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாள். மேட்டுக்குத்தான் ஓடுவாள். வாத்துகளைத் திறந்து விடுவார்கள். வாத்து மிதக்கும். சே. வாத்து மிதக்கும் என்று நினைக்கிறேனே, என்ன மனுஷன் நான். ஒருவேளை கூடாரத்தைக் காலி பண்ணியிருப்பார்களோ. ஒருவேளை ஓடை குறைந்திருக்குமோ. குறைந்திருக்காது. ஒருவேளை காசிமாயன் தானாகவே ஓடையைப் பார்ப்பானோ. பார்க்க மாட்டான், கோடு போட்டிருக்கிறதே. எனக்குப் பின் ஷட்டர் சுற்ற வந்த லஸ்கர் அவன், நாற்பது வயது, நல்ல பையன். அந்தத் தாளைத் தினமும் துடைப்பான், இது இருக்கும்போது எனக்கு என்னண்ணே பயம் என்பான்.

பத்து நாற்பத்தைந்து. போனை எடுத்தேன். எடுத்தது கைதான், நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. வராந்தாவுக்குப் போனேன். "அண்ணே, உங்க நம்பர் வந்துரும்ணே!" என்று ஜெபராணி பின்னால் கத்துகிறார். மணி அடிக்கிறது. எடுக்காதே என்று ஒரு மனசு. அவன் எடுக்கவில்லை, நான் கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எடுத்துவிட்டான். பின்னால் மோட்டார் சத்தம்.

"வீரணண்ணே! எங்க இருக்கீங்க? இங்க மட்டம் நாப்பத்திரண்டர."

"காசி, ஓடையப் பாத்தியா? செவப்பா வருது. ஒண்ணு மட்டும் தெற. முக்கா மணி நேரம் பொறு."

"ஓடைக்கு இங்க கோடு போட்ருக்குண்ணே. பாக்க வேணாம்னு மேடம் சொல்லியிருக்கு."

"அந்தக் கோடு தப்புடா."

"நீங்க சொல்லித்தானண்ணே மேடம் போட்டுச்சு?" மோட்டார் சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சு. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உத்தரவு இல்லாம ஒண்ணத் தெறந்துட்டு நீங்க என்ன பாடு பட்டீங்கன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான். ஒரு தடவையா, நூறு தடவ சொல்லியிருக்கீங்க. பதினோரு மாசம்ணே. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க."

நூறு தடவை. டீக்கடையில், ஷட்டர் மேட்டில், அவனுக்குக் கல்யாணம் ஆன அன்றைக்குப் பந்தியில்கூட. என்னைப் பார்த்து அவன் கற்றுக்கொண்டது அதுதானா. ஓடையைப் பார்ப்பதைக் கற்றுக்கொள்ளவில்லை, உத்தரவுக்குப் பயப்படுவதைக் கற்றுக்கொண்டான். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

"மேடம் அங்க இருக்காங்களா?"

"பக்கத்துலதான் நிக்கிறாங்க."

"குடு."

குடு என்று சொல்லிவிட்டேன். இப்போது வைத்துவிடலாம். சிக்னல் இல்லை என்று சொல்லலாம். சாரல் முகத்தில் அடிக்கிறது.

"சொல்லுங்க ஐயா." அதே கோபமில்லாத குரல்.

"மேடம், மூணையும் ஒண்ணா தெறக்காதீங்க. ஓடையில வெள்ளம். திட்டுக்குக் கீழ வாத்துக்காரங்க ஏழு கூடாரம் போட்ருக்காங்க. சங்கு ஊதுனா திட்டுல ஏறுவாங்க, பின்னாடி ஓடை திரும்பி மறிச்சுரும். மொதல்ல ஒண்ணு தெறங்க, ஆளனுப்பி அவங்கள ரோட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, முக்கா மணி கழிச்சு மிச்சத்தத் தெறங்க."

"ஐயா, அன்னைக்கு எப்படி இருந்தாலும் ஒண்ணுதான்னு சொன்னீங்க. இன்னைக்கு ஓடையப் பாக்கணும்ங்கிறீங்க. ரெண்டுல நான் எத நம்புறது? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அன்னைக்கு மறந்துட்டீங்களா?"

வழி விடுகிறாள். மறந்துட்டேன் மேடம், வயசாயிருச்சு. எவ்வளவு சுலபம். ஆனால் மறந்தவன் பேச்சை நம்பி எந்த அதிகாரி தாளை மீறுவாள். அன்றைக்கு மறந்தவன் இன்றைக்கு உளறுகிறான் என்றுதான் நினைப்பாள், நானாக இருந்தாலும் நினைப்பேன். மறந்தேன் என்று சொன்னால் நான் தப்பிப்பேன், மூன்று ஷட்டரும் ஏறும். இந்தக் கேள்விக்குக் கோடு போட முடியாது. மிட்டாய் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது.

"மறக்கல மேடம். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"என்னது?"

"ஓடையப் பாக்கணும்னு அன்னைக்கும் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு பொய் சொன்னேன். கதை வேண்டாம்னீங்க, அந்தக் கோவம். அதுக்கு முந்தி உள்ள கோவம். எதுவா இருந்தாலும் பொய்தான். என் மேல என்ன வேணாலும் எழுதுங்க, எழுத்துலயே தர்றேன். இப்ப ஒண்ணு மட்டும் தெறங்க."

வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம், மழைச் சத்தம், அந்தப் பக்கத்து மழையா இந்தப் பக்கத்து மழையா தெரியவில்லை. உள்ளே முப்பதைக் கூப்பிடுகிறார்கள். முப்பது எழுந்து போகிறது. தூணைப் பிடித்துக்கொள்கிறேன். அப்புறம் தூரத்தில், போனுக்கு அல்லாமல் வேறு யாருக்கோ அவள் குரல் கேட்டது. "காசி, ஒண்ணாம் நம்பர் மட்டும். மத்த ரெண்டும் நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க. சங்கு இப்ப வேண்டாம். டிரைவர எழுப்பி ஜீப்ப திட்டுக்கு அனுப்புங்க, ஒரு ஆள் மிச்சமில்லாம ரோட்டுக்கு ஏத்தணும். மேலிடத்துல நான் பேசிக்கிறேன்." சரி மேடம், சரி மேடம் என்று காசிமாயன். சங்கிலி இறுகுகிற சத்தம் வந்தது, பிறகு தண்ணீர் விழுகிற சத்தம், முதலில் ஒரு ஓரத்தில் கிழிந்து அப்புறம் முழுசாக. ஒன்றுதான். எனக்குச் சத்தத்திலேயே தெரியும், ஒன்றுதான்.

"முப்பத்தொண்ணு! முப்பத்தொண்ணு யாருங்க?" ஜெபராணி வாசலில் வந்து நின்று கையைக் காலை ஆட்டுகிறார். நான் கையைக் காட்டினேன், போகட்டும், அடுத்த ஆளை விடச் சொல்லுங்கள்.

"ஐயா, இருக்கீங்களா?" என்று போனில் மேடம். இப்போது பக்கத்தில் பேசுகிறாள், அறைக்குள் வந்துவிட்டாள் போல, மழைச் சத்தம் குறைந்திருக்கிறது.

"இருக்கேன் மேடம்."

"அந்தத் தாளுக்கு முன்னாடிதான் நிக்கிறேன். மொத்தம் எட்டு கோடு இருக்கு." குரலில் கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது. "ஒவ்வொண்ணும் உங்கள கேட்டுத்தான் போட்டேன். இதத் தவிர வேற எங்கயாச்சும் அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. யாரும் கேட்காமல் இருந்தால் நானே என்னிடம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன், இந்த மூன்று வருஷமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். தாள் முழுசாக வந்து நின்றது, ஏழு வரிசையும், பென்சில் கோடுகளும்.

"பென்சில் இருக்கா மேடம்? இன்னும் ரெண்டு எடத்துல இருக்கு" என்றேன்.